கண்ணுச்சாமியும் நமுத்த தோட்டாவும்

விசையை அழுத்தும்போதே கண்ணுச்சாமி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் வந்துவிட்டார். குண்டு இலக்குத் தாளை எட்டிக்கூடப் பார்க்காமல், தள்ளி அடுக்கியிருந்த மணல் மூட்டையொன்றில் போய்ப் புதைந்தது.

"அண்ணாச்சி, எங்கன போறீக?" என்று கேட்டார் ஜாபஸ்.

"எங்கயும் போகலையே சார். சும்மா தள்ளி நிக்கேன்."

"ஏன் தள்ளி நிக்கீக?"

கண்ணுச்சாமி அவரை வியப்போடு பார்த்தார். இதைக்கூடவா ஒரு வாத்தியாருக்குச் சொல்லித்தர வேண்டும் என்கிற வியப்பு அது.

"பத்த வச்சாச்சுல்ல சார்!"

ஜாபஸ் தலையில் கை வைத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு ஆசிரியர், என்.சி.சி. மாணவர்களுக்கும் அவரே பொறுப்பு. அங்கே கற்ற துப்பாக்கிக் கலையை ஊருக்கும் கற்பிக்க ஆசைப்பட்டு, விஸ்வநத்தத்தில் ஒரு பழைய அச்சகக் கொட்டகையில், முறைப்படி உரிமம் பெற்று, சங்கம் ஒன்றை நடத்திவந்தார். நீளமான கொட்டகை அது. காலண்டர்க் காகிதம் அடுக்கியிருந்த இடத்தில் இப்போது இலக்குத் தாள்கள் தொங்கின. கொட்டகைக்குச் சொந்தக்காரர் பட்டாசுக் கம்பெனி முதலாளி மணிமுத்து. பெரிய மனது பண்ணிச் சும்மாதான் கொடுத்திருந்தார். ஆனால் சில வாரங்களுக்கு முன்னால் வந்தவர், பேசிக்கொண்டே கொட்டகையின் நீளத்தைக் காலடியால் அளக்கத் தொடங்கினார்.

"சீசன் வருது சார். அட்டைப்பெட்டி அடுக்க இடமில்லாம லோடு லோடா வராந்தாவுல கெடக்கு. நீங்க என்னடான்னா இங்கன தாளைச் சுட்டுக்கிட்டு இருக்கீக."

"மொதலாளி, நாலு சங்கப் போட்டி இந்த வருசம் நம்ம கொட்டகையிலதான் நடக்கு. கேடயத்தை நாங்க எடுத்துட்டா ஊருக்கே பேரு."

மணிமுத்து அளப்பதை நிறுத்தினார்.

"சரி. கேடயம் வந்தா கொட்டகை உங்களுக்கு. வரலைன்னா பெட்டிக்கு. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சங்கமும் ஒரே ஒருவரைத்தான் நிறுத்தலாம். அவரும் சங்கத்தில் சேர்ந்து ஓராண்டு நிறையாத புதியவராக இருக்க வேண்டும். ஜாபஸின் சங்கத்தில் அப்படி இருந்த ஒரே ஆள் கண்ணுச்சாமி. எம். புதுப்பட்டியில், அதே மணிமுத்துவின் கம்பெனியில், வெடிகளைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய வேலை. ஒவ்வொரு லோடிலிருந்தும் சில வெடிகளை எடுத்துப்போய், வெட்டவெளியில் வைத்து, ஊதுபத்தியால் பற்றவைத்து, சரியாக வெடிக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். சத்தத்துக்கு அவர் அஞ்சுவதில்லை. கை நடுங்குவதும் இல்லை. குறி பார்த்து நிற்கும்போது அவரைச் சிலை என்று நினைத்துக் காக்கை வந்து உட்காரும். ஆனால் நெருப்பு வைத்த கணமே முகத்தைத் திருப்பித் தள்ளிப்போய்விடு என்பதுதான் அவருடைய தொழிலின் முதல் பாடம். இத்தனை காலம் உயிரைக் காத்துக்கொடுத்த பாடத்தை, ஒரு கணக்கு வாத்தியார் சொன்னார் என்பதற்காக உடம்பு மறந்துவிடுமா?

ஜாபஸ் முதலில் ஒரு கதை சொல்லிப் பார்த்தார். வகுப்பறையில் அது எப்போதும் பலித்த மருந்து.

"ஒரு குளத்துல ஒரு கொக்கு இருந்துச்சு அண்ணாச்சி. விடிஞ்சதுலேருந்து அசையாம நிக்கும். ஆனா மீன் வந்ததும் கண்ணை மூடிக்கிட்டுக் கொத்தும். மீன் போயிரும், சேறுதான் வாயில வரும். ஏன்?"

கண்ணுச்சாமி ஆழ்ந்து யோசித்தார்.

"அது எந்தக் கம்பெனிக் கொக்கு சார்?"

அடுத்த மேசையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலா சிரித்துவிட்டார். அவர் மருத்துவமனைத் தாதி. சங்கத்தின் பழைய உறுப்பினர். "சார், நீங்க கொக்குக்கிட்டயே போய்ச் சொல்லுங்க. கேட்டாலும் கேக்கும்."

பின்னால் போக இடம் இருப்பதால்தானே போகிறார் என்று எண்ணி, மறுநாள் ஜாபஸ் ஒரு கனத்த பெஞ்சைக் கொண்டுவந்து கண்ணுச்சாமியின் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிப் போட்டார். கண்ணுச்சாமி சுட்டார். வழக்கம்போலப் பின்வாங்கினார். பெஞ்சு தடுத்தது. தொப்பென்று அதன்மேல் உட்கார்ந்தார். இதுவரை பக்கவாட்டில் போன குண்டு இப்போது மேல்நோக்கிப் போய், கூரையோரத் தடுப்புப் பலகையில் பாய்ந்தது.

"உக்காரத்தான் பெஞ்சு போட்டீகன்னு நெனச்சேன்" என்றார் கண்ணுச்சாமி, நன்றியோடு.

பெஞ்சு வெளியேறியது. பியூலா முன்வந்தார்.

"விடுங்க சார். ஊசி போடுகையில பிள்ளைக தலையத் திருப்பாம நான் பிடிக்கிற பிடி இருக்கு. அண்ணாச்சி என்ன, யானை வந்தாலும் திரும்பாது."

அவர் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் கண்ணுச்சாமியின் தலையை இறுகப் பிடித்தார். வெடித்தது. கண்ணுச்சாமியின் தலை திரும்பியது. தலையோடு பியூலாவும் திரும்பினார். இருவரும் கும்மியடிப்பவர்கள்போல ஒரே தாளத்தில் இரண்டு எட்டுப் பின்வந்து நின்றார்கள். அதுவாவது போகட்டும். அன்று மாலை பியூலா தம் துப்பாக்கியை எடுத்துச் சுட்டபோது, அவர் தலையும் தானாகத் திரும்பியது.

"சார், எனக்கும் ஒட்டிக்கிட்டு சார்!" என்று அலறினார் அவர்.

ஜாபஸ் அன்றிரவு பழைய பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டி, உறுதியான வழியொன்றைக் கண்டுபிடித்தார். மருந்து இல்லாத டம்மித் தோட்டாக்களை உண்மையான தோட்டாக்களோடு கலந்துவிட வேண்டும். எது எது என்று சுடுபவருக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது வெடிக்காது. ஆனால் உடம்பு மட்டும் பழக்கத்தில் துள்ளும். வெடியே இல்லாமல் தான் துள்ளுவதைத் தானே பார்த்து, சுடுபவர் வெட்கப்பட்டுத் திருந்துவார். டம்மியும் அசலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால், தமக்கு அடையாளம் தெரிய ஒவ்வொரு டம்மியின் அடியிலும் தேர்வுத் தாள் திருத்தும் சிவப்பு மையைப் பூசிவைத்தார் ஜாபஸ். தம் யோசனையின் அழகில் அவருக்கே புன்னகை வந்தது.

மறுநாள் துப்பாக்கியை அவரே நிரப்பிக் கொடுத்தார். கண்ணுச்சாமி குறி பார்த்தார். விசையை அழுத்தினார்.

'க்ளிக்.'

கண்ணுச்சாமியின் முகத்தில் இரத்தம் வற்றியது. துப்பாக்கியை முட்டையை வைப்பதுபோல மேசைமேல் வைத்தார். பிறகு, சோதனைக் களத்தில் ஒரு மைலுக்குக் கேட்கும் தம் குரலை எழுப்பினார்.

"நமுத்துருச்சு! அம்புட்டுப் பேரும் வெளிய போங்க! ஒருத்தரும் கிட்ட வராதீக!"

வெடித்த வெடியைக் கண்டு இந்த மண்ணில் யாரும் ஓடுவதில்லை. பற்றவைத்தும் வெடிக்காத நமுத்த வெடி வேறு. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாமென்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் அதைக் கண்டால், தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தைக்குக்கூட என்ன செய்ய வேண்டுமென்று தெரியும். ஜாபஸ் வாயைத் திறப்பதற்குள் கொட்டகை காலியாகிவிட்டது. பியூலாதான் முதலில் வெளியேறினார். கண்ணுச்சாமி தீயணைப்பு வாளியைத் தூக்கி, ஒரு சொட்டும் வீணாகாமல், தண்ணீரைத் துப்பாக்கியின்மேல் கவிழ்த்தார்.

"அண்ணாச்சி! அது என் துப்பாக்கி!"

"உசுரு யாருது சார்? நீங்க ஏன் இன்னும் இங்கன நிக்கீக?"

அது டம்மி என்பதை ஜாபஸ் நெடுநேரம் விளக்கினார். கண்ணுச்சாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வெடிக்காதுன்னு சொன்ன வெடிதான் சார் எங்க கம்பெனியில கூரையத் தூக்குச்சு" என்று மட்டும் சொன்னார்.

வாளி இருப்பதால்தானே ஊற்றுகிறார்? ஜாபஸ் வாளியை வெளியே கொண்டுபோய் வைத்தார். அடுத்த 'க்ளிக்' கேட்டதும் கண்ணுச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பியூலா மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த தூக்குவாளி கண்ணில் பட்டது. நிறைய மோர். கறிவேப்பிலை, இஞ்சி எல்லாம் தட்டிப்போட்ட மோர். அது துப்பாக்கியை நனைத்து, மேசையில் ஓடி, டம்மியும் அசலும் கலந்து வைத்திருந்த தோட்டாத் தட்டில் குளமாகத் தேங்கியது.

"என் மோரு!" என்றார் வெளியிலிருந்து பியூலா.

"என் துப்பாக்கி!" என்றார் உள்ளிருந்து ஜாபஸ்.

கொட்டகையைப் பெருக்கிப் பூட்டிப் பாதுகாக்கும் சின்னத்தாய் சத்தம் கேட்டு ஓடிவந்தார். அவர் முன்பு கம்பெனியில் வெடிகளை வெயிலில் காயவைக்கும் களத்தில் இருந்தவர். எதையும் வீணாக்க மனம் வராது.

"இந்தக் கருமத்தையெல்லாம் எடுத்து ஓரமா வைங்கம்மா" என்றார் ஜாபஸ், கறிவேப்பிலை ஒட்டிய துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு.

"நீங்க போங்க சார். நான் பாத்துக்கிடுதேன்."

துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. டம்மித் தோட்டா என்ற சொல்லையே இனி எடுப்பதில்லை என்று ஜாபஸ் முடிவுசெய்தார். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மனம் உடைந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தவரிடம், கண்ணுச்சாமி தேநீர் வாங்கிவந்து நீட்டினார். தம்மால்தான் இந்த மனிதர் இளைத்துப்போகிறார் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"என்ன சார் செய்ய? என் காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு."

தேநீரை உறிஞ்சியபடியே ஜாபஸ் கேட்டார்: "அண்ணாச்சி, களத்துல ஒரு வெடி நமுத்துட்டா ஒடனே தண்ணி ஊத்திருவீகளா?"

"சேச்சே. இங்கன எடம் பத்தாதுன்னுதான் ஊத்துனேன். களத்துல, நின்ன எடத்துலயே நின்னு, அதை விட்டுக் கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கணும். அசையக் கூடாது."

"மொகத்தைத் திருப்புவீகளா?"

"நமுத்த வெடி முன்னாடியா? நல்லா இருக்கே!"

ஜாபஸ் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் கண்களில் புது வெளிச்சம்.

"அண்ணாச்சி, இனிமே இங்க இருக்கிற தோட்டா அம்புட்டும் நமுத்ததுன்னு வச்சுக்கிடுங்க. விசையை அழுத்தின பொறவும் அது நமுத்துத்தான் கெடக்கு. கண்ணை எடுக்காதீக!"

"அம்புட்டுமா?" கண்ணுச்சாமி முகம் சுளித்தார். "எவன்கிட்ட சார் இந்தச் சரக்கை வாங்குனீக?"

ஆனால் அது பலித்தது. துப்பாக்கி வெடித்தது, கண்ணுச்சாமி அசையவில்லை. குண்டு தாளின் நடுக் கருவட்டத்தைத் துளைத்திருந்தது. அடுத்ததும் அங்கேயே. பியூலா கைதட்டினார். ஜாபஸ் துள்ளிக் குதிக்கப்போனார். போனவர் நின்றார். ஏனென்றால் கண்ணுச்சாமி இன்னும் துப்பாக்கியை இறக்காமல், கண் இமைக்காமல், தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெடிச்சிருச்சே அண்ணாச்சி! அடுத்ததைப் போடுங்க."

"வெடிச்சிருச்சு. முழுசா வெடிச்சிருச்சான்னு பாக்க வேண்டாமா?"

போட்டியில் நேர வரம்பு உண்டு. இந்த வேகத்தில் போனால், மற்றவர்கள் சுட்டு முடித்துச் சாப்பிட்டுக் கைகழுவும்போது கண்ணுச்சாமி பாதித் தோட்டாக்களோடு நின்றுகொண்டிருப்பார். இனிமேல் இதற்கொரு வைத்தியம் பார்த்தால், பழைய நோய் திரும்பிவிடும் என்று ஜாபஸுக்கு அச்சம். அப்படியே விட்டுவிட்டார். வேறு வழியும் இல்லை.

போட்டி நாள் வந்தது. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சங்கங்கள் தத்தம் வீரரோடு வந்திறங்கின. நடுவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. மீசையைக் கண்டாலே முதுகு நிமிரும். மணிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் அட்டைப்பெட்டி ஏற்றிய லாரி ஒன்று, தார்ப்பாய்கூட அவிழ்த்த நிலையில், தயாராக நின்றது. அதைப் பார்க்காமலிருக்க ஜாபஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

போட்டிக்கான தோட்டாக்களை நடத்தும் சங்கமே தர வேண்டும். சின்னத்தாய் அலமாரியைத் திறந்து, போட்டிக்கென்றே வாங்கிவைத்திருந்த பெரிய டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவர் நால்வருக்கும் பங்கிட்டார்.

முதலில் திருநெல்வேலி இளைஞர். அடுத்தடுத்து அருமையாகச் சுட்டார். லாரி ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்கிச் சோம்பல் முறித்தார். அப்போது இளைஞரின் துப்பாக்கியிலிருந்து ஒரு 'க்ளிக்' கேட்டது. என்ன ஆயிற்று என்று அவர் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பிக் குனிந்து பார்க்க, நடுவர் போட்ட அதட்டலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வெடிக்காத துப்பாக்கியின் முனையைத் தாளை விட்டுத் திருப்பியதற்காக இளைஞர் வெளியேற்றப்பட்டார்.

மதுரைக்காரருக்கும் ஒரு 'க்ளிக்' வந்தது. வெடிக்காத துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அவர் துள்ளியதை அரங்கமே பார்த்துவிட்டது. அந்த வெட்கத்தில் மிச்சக் குண்டுகள் திசைக்கொன்றாகப் போயின. தூத்துக்குடிக்காரர் 'க்ளிக்' கேட்டதும் அவசரப்பட்டு உடனே தோட்டாவை வெளியே எடுத்துவிட்டார். அப்படிக் காத்திராமல் எடுப்பது தவறென்று நடுவர் புள்ளிகளைக் குறைத்தார்.

கடைசியாகக் கண்ணுச்சாமி. சுட்டார், பார்த்துக்கொண்டு நின்றார். சுட்டார், பார்த்துக்கொண்டு நின்றார். நடுவரின் கையில் கடிகாரம் ஓடியது. ஜாபஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து—

'க்ளிக்.'

பியூலா எழுந்துவிட்டார். மணிமுத்து வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அந்த ஊர்க்காரர்கள் எல்லோருடைய பார்வையும் ஓரத்திலிருந்த வாளிக்குப் போயிற்று. சின்னத்தாய் அதை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தார். ஜாபஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணுச்சாமி அசையவில்லை. துப்பாக்கி முனை தாளை விட்டு இம்மியும் விலகவில்லை. நமுத்த வெடிமுன் எத்தனையோ முறை நின்ற மனிதர், அப்படியே நின்றார்.

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். தோட்டா வெடிக்காவிட்டால் அதற்கான நேரம் கணக்கில் வராது என்பது விதி. போதிய நேரம் காத்திருந்தபின் அவரே வந்து, தோட்டாவை வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டார். 'விவரமான மனுசன்' என்பதுபோலக் கண்ணுச்சாமி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மேலும் சில 'க்ளிக்'குகள். ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் நின்றது. நேரமே பத்தாது என்று ஜாபஸ் பயந்த மனிதருக்கு நேரம் மிச்சமாயிற்று.

கேடயத்தைக் கண்ணுச்சாமியிடம் கொடுக்கும்போது நடுவர் சொன்னார்: "துப்பாக்கி வெடிக்கும்போது நல்லா நிக்கிறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். வெடிக்காதபோது இப்படி நிக்கிறவரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இதை இவருக்குக் கத்துக்கொடுத்தது யாரோ, அவரை வணங்குறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மிஸ்டர் ஜாபஸ், புது டப்பாவுல இத்தனை தோட்டா எப்படிச் சோடை போச்சு? விசாரிங்க" என்றார்.

ஜாபஸுக்கும் அது புரியத்தான் இல்லை. நடுவரையும் விருந்தாளிகளையும் வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது, மணிமுத்து வாசலில் நின்று கூவிக்கொண்டிருந்தார்.

"ஏலே, வண்டியத் திருப்புலே! பெட்டி வராந்தாவுலயே கெடக்கட்டும்!" ஜாபஸைக் கண்டதும் தோளில் கைபோட்டார். "கொட்டகை இனி ஒங்களுது சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நம்ம கண்ணுச்சாமியவே ஆடாம அசையாம நிக்க வச்சிட்டீகளே, அது என்ன வித்தை?"

ஜாபஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தக் கேள்விக்காக அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார்!

"ஒரு குளத்துல ஒரு கொக்கு இருந்துச்சு மொதலாளி..."

அதற்குள் சின்னத்தாய் தேநீர்த் தட்டோடு வந்து, பெருமை தாங்காத முகத்தோடு குறுக்கிட்டார்.

"சார், சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு மோரு கொட்டுன குண்டு ஒண்ணைக்கூட நான் வீணாக்கல. அம்புட்டையும் கழுவி, நல்ல வெயில்ல காயவச்சு, அலமாரியில இருந்த பெரிய டப்பாவுலயே சேத்துட்டேன். சிலதுல எவனோ சிவப்பு மைய ஈஷி வச்சிருந்தான், அதையும் மண்ணெண்ணெ போட்டுச் சுத்தமாத் தொடச்சிட்டேன்!"